நாயனத்தை வாசல்ல நிக்க வெக்காதீங்க

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கலை. மன்னிச்சுக்குங்க மக்களே. வீட்ல மகள் கல்யாண வேலை. தை மாசம் முகூர்த்தம். மண்டபம் பிடிச்சாச்சு, சமையலுக்குச் சொல்லியாச்சு, பத்திரிகை மட்டும் தங்கமணிக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நடுவுல எந்தப் பிள்ளையார் படம் போடறதுங்கற கட்டத்துல நிக்குது. அது நடக்கறப்ப நடக்கட்டும். இந்தப் பதிவு மேளத்தைப் பத்தி.

போன வாரம் மண்டபத்து மேனேஜர்கிட்ட பேசிட்டிருந்தேன். (எந்த மண்டபம்னு கேக்காதீங்க, இன்னும் அட்வான்ஸ் மட்டும்தான் குடுத்திருக்கேன்.) "நாயனம் எங்க உக்காருவாங்க?"ன்னு கேட்டேன். "வாசல்ல சார், வெல்கம் போர்டு பக்கத்துல"ன்னார். உள்ள மணமேடைக்குப் பக்கத்துல உக்காரட்டும்னு சொன்னதுக்கு, "உள்ள வெச்சா சத்தம் தாங்க முடியலைன்னு கம்ப்ளெயின்ட் வருது சார், பேச முடியலையாம்"ங்கறார். கூட வந்த என் மச்சினன் உடனே, "மாமா, பேசாம சாக்ஸ் வெச்சுக்கலாம். ஸாஃப்டா, கீழ்க்குரல்ல இழைஞ்சு வரும். இப்ப எல்லாரும் அதான்"னு ஆரம்பிச்சுட்டான்.

எனக்கு அங்கயே சுருக்குன்னுது. ஏன்னா கீழ்க்குரல்ல இழைஞ்சு வரணும்னு ஒருத்தர் தலைகீழா நின்னு செஞ்சு வாங்கின வாத்தியம்தான் நாம வாசல்ல நிக்க வெக்கற அந்த நாயனம். இது மச்சினனுக்கும் தெரியாது, மேனேஜருக்கும் தெரியாது. மூணு வருஷம் முன்னாடி வரைக்கும் எனக்கே தெரியாது.

ஆமாங்க, மூணு வருஷமா நாயனம் கத்துக்கறேன். சிரிக்காதீங்க. ரிட்டயர்மென்டுக்கு அப்புறம் எல்லாரும் வாக்கிங், சுடோகுன்னு போறப்ப எனக்கு இப்படி ஒரு கிறுக்கு. வாத்தியார் அம்மா மண்டபம் ரோட்டுக்கிட்ட இருக்கார். என்னைவிட இருபது வயசு சின்னவர். நான் அவரை "அண்ணே"ம்பேன், அவர் என்னை "சார்"ம்பார். யார் யாருக்கு மரியாதை குடுக்கறதுன்னு ரெண்டு பேருக்குமே இன்னும் பிடிபடலை.

முதல் நாளே கேட்டேன், "அண்ணே, சின்ன நாயனமா வாங்கட்டுமா, பெருசா வாங்கட்டுமா?" அப்பத்தான் திமிரி, இடைப்பாரி, பாரின்னு மூணு உண்டுன்னு தெரிஞ்சுது. திமிரி குட்டை, சுருதி மேல, நாலரைக் கட்டை அஞ்சு கட்டைன்னு போகும். பாரி நீளம், ரெண்டரை அடி வரும், சுருதி ரெண்டு, ரெண்டரைக் கட்டை. இடைப்பாரி பேருக்கேத்த மாதிரி நடுவுல. கணக்குல புலிகளுக்காக: அஞ்சு கட்டைக்கும் ரெண்டு கட்டைக்கும் அதிர்வெண் விகிதம் நாலுக்கு மூணு. அதாவது அஞ்சு கட்டை குழலை ரெண்டு கட்டைக்கு இறக்கணும்னா குழல் நீளம் சுமாரா மூணுல ஒரு பங்கு கூடணும். குழல் மட்டும் நீண்டா போதாது, ஓட்டைக்கு ஓட்டை இடைவெளியும் அதே கணக்குல விரியும். மேல ஏழு விரல் ஓட்டை. புல்லாங்குழல் பிடிச்ச பழக்கத்துல நான் விரலை வளைச்சு வெச்சேன். கடைசி ஓட்டைக்கு என் விரல் எட்டவே இல்லை. "விரலை நீட்டுங்க சார், வளைக்காதீங்க, படுக்க வையுங்க"ன்னு ஒரு மாசம் சொன்னதையே சொல்லிட்டிருந்தார் பாவம்.

அந்த ஏழுக்கும் கீழ இன்னும் அஞ்சு ஓட்டை இருக்கு. அதுல விரல் படாது. சுருதி சேக்கறதுக்கு. மெழுகு வெச்சு அடைச்சா சுருதி கொஞ்சம் இறங்கும், எடுத்தா ஏறும். நான் ஏதோ அலங்காரத்துக்கு ஓட்டை போட்டிருக்காங்கன்னுதான் இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன். கல்யாணத்துக்குக் கல்யாணம் பாக்கற வாத்தியம், பன்னெண்டு ஓட்டைன்னு ஒரு நாள் எண்ணிப் பாத்ததில்லை!

சரி, கதைக்கு வர்றேன். அந்தக் காலத்துல நாயனம்னா திமிரிதான். அதுக்குக் காரணம் இருக்கு. பெருமாள் புறப்பாட்டுல வீதியில நடந்துக்கிட்டே வாசிக்கணும். சித்திரை வீதி மூலையில வாசிச்சா உத்திர வீதியில கோலம் போடறவங்களுக்குக் கேக்கணும். மைக் கிடையாது. ஆட்டுச் சத்தம், மாட்டுச் சத்தம், வேட்டுச் சத்தம் எல்லாத்தையும் தாண்டிப் போகணும். அந்த வேலைக்கு மேல்சுருதிதான் சரி.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) வந்து இதை மாத்தினார். நின்னுக்கிட்டு, நடந்துக்கிட்டு வாசிச்சவங்களை மேடையில உக்காந்து கச்சேரி பண்றவங்களா ஆக்கினதுல அவர் பங்கு பெருசு. அவருக்கு ஆலாபனைதான் உயிர். ஒரு தோடியை மணிக்கணக்கா வாசிக்கணும்னா வீதியில தூரமா கேக்கறது முக்கியம் இல்லை, எதிர்ல உக்காந்திருக்கறவன் காதுல எப்படி விழுதுங்கறதுதான் முக்கியம். திமிரியில அந்தக் கனம் வரலை. கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கம்பேட்டையில ரங்கநாதன் ஆச்சாரின்னு ஒருத்தர். ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து, குழல் நீளத்தைக் கூட்டி, துளை போடற இடத்தை மாத்தி மாத்திப் பாத்து உண்டாக்கினதுதான் பாரி. பழைய நாயனத்துல சுத்த மத்யமம் ஒழுங்கா பேசாதுன்னும், உதட்டாலயும் மூச்சாலயும் இழுத்துப் பிடிச்சுத்தான் வாங்கணும்னும், பாரியிலதான் அது தானா பேசிச்சுன்னும் நாயனக்காரங்க சொல்லுவாங்க. பூட்டன் காலத்துலேர்ந்து வாசிச்ச வாத்தியத்தை எடுத்து இது பத்தலைன்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும். இல்லையா?

ஆச்சாமரத்துல செய்யறாங்க. புது மரம் ஆகாது. பழைய வீடு இடிக்கறப்ப வர்ற தூண், உத்தரம், இப்படி வருஷக்கணக்கா காஞ்சு கிடந்த மரம்தான் வேணும். 2022ல நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. சந்தோஷம். எங்க தெருவுல பழைய வீடுகளை இடிச்சு அப்பார்ட்மென்ட் கட்டறப்பல்லாம் உத்தரம் லாரியில ஏறுறதைப் பாத்து, அது எந்தக் குழலாகப் போகுதோன்னு நினைச்சுக்குவேன். பெரும்பாலும் விறகாத்தான் போகும்னு தங்கமணி சொல்றா.

மரம் இருக்கட்டும். என் மூணு வருஷத்துல கத்துக்கிட்ட ஒரே உருப்படியான பாடம் இது: கீழ்ச்சுருதி நாயனத்துக்குக் குழல் பாதி, சீவாளி பாதி. சீவாளின்னா வாயில வெச்சு ஊதற அந்தச் சின்னத் தட்டை. காவிரிக்கரையில வளர்ற கொறுக்கைத் தட்டையை வெட்டி, வேகவெச்சு, காயவெச்சு, கிடப்புல போட்டு, அப்புறம் சீவி நூல் கட்டிப் பண்றது. திருவாவடுதுறை இதுக்குப் பேர் போன ஊர். சீவாளியைக் கெண்டைங்கற சின்ன உலோகக் குழாய்ல சொருகி, கெண்டையைக் குழல்ல சொருகணும். கெண்டையில சுத்தற நூல் ஒரு சுத்து கூடினாலும் குறைஞ்சாலும் சுருதி நகரும். நாயனத்துல கொத்தா தொங்குதே, அது குஞ்சலம் இல்லைங்க. மாத்து சீவாளியும், சீவாளி வாயைத் திறந்து சரி பண்ற ஊசியும். அந்தக் காலத்துல ஊசி தந்தத்துல இருக்கும். இப்ப தந்தம் வாங்கறதும் விக்கறதும் சட்டப்படி குத்தம், அதனால கொம்பு, பிளாஸ்டிக்னு போயிடுச்சு.

நான் என்ன பண்ணேன்னா, குழலுக்குக் காசைக் கொட்டிட்டு, கடையில குடுத்த ஏதோ ஒரு சீவாளியை வெச்சுக்கிட்டு ஊதினேன். திமிரிக்குக் கட்டின கடினமான சீவாளி போல இருக்கு. கொள்ளிடக் கரைக்குப் போய் விடியக்காலை ஊதுவேன் (வீட்ல ஊதினா பக்கத்து வீட்டு மாமி ஊரை விட்டுப் போயிடுவாங்க). பாரியிலேர்ந்து ஆட்டுக்குட்டி கத்தற மாதிரி ஒரு சத்தம். நிஜ ஆடுகள் நின்னு திரும்பிப் பாத்துச்சு. மூச்சு பத்தலையோன்னு இன்னும் முக்கி ஊதினேன். கன்னம் வலிச்சுது, தலை சுத்திச்சு, சுருதி மேலதான் போச்சே ஒழிய கனம் வரலை. எனக்கு வயசாயிடுச்சு, இது ஆகற காரியமில்லைன்னு குழலைத் துணியில சுத்தி பீரோ மேல வெச்சுட்டேன். நாலு மாசம்.

அப்புறம் வாத்தியாரே ஒரு நாள் வீட்டுக்கு வந்து குழலை இறக்கச் சொன்னார். தன் சீவாளி ஒண்ணை எடுத்து, வாயில ஒதுக்கி, கால் மணி நேரம் பேசிக்கிட்டே ஊற வெச்சார். அகலமா வாய் திறந்த, இளகின சீவாளி. சொருகி என்கிட்ட குடுத்து, "முக்காதீங்க சார். கீழ்ச்சுருதிக்குப் பலம் வேணாம், அளவு வேணும். பெருமூச்சு விடற மாதிரி விடுங்க"ன்னார். விட்டேன். கீழ் ஸட்ஜம். ஜன்னல் கம்பி அதிர்ந்துச்சு. சத்தியமா சொல்றேன், அடுப்படியிலேர்ந்து தங்கமணி, "யாருங்க வாசிக்கறது?"ன்னு கேட்டா. அந்த ஒரு கேள்விக்காக இன்னும் பத்து வருஷம் ஊதலாம்.

இப்ப மண்டபத்துக்கு வருவோம். இளகின சீவாளி, நிதானமான மூச்சு, உக்காந்து கேக்கற ஆளுங்க. இந்த மூணுக்காக இறங்கி வந்த வாத்தியம் பாரி. இன்னிக்குக் கல்யாணத்துல பெரும்பாலும் வாசிக்கறதும் பாரியோ இடைப்பாரியோதான். ஆனா நாம என்ன பண்றோம்? வாசல்ல, ஜெனரேட்டருக்கும் பன்னீர் தெளிக்கற மிஷினுக்கும் நடுவுல நிக்க வெக்கறோம். உள்ள ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டு. வெளிய கார் ஹாரன். அதைத் தாண்டிக் கேக்கணும்னா அவர் என்ன பண்ணுவார்? கடினமான சீவாளியா போட்டு, பலம் குடுத்து ஊதுவார். தவில்லயும் மூங்கில் வளையம் போய் இரும்பு வளையம், நட்டு போல்ட்டு வந்த பிறகு முறுக்கேத்தி முறுக்கேத்தி அது வெடி மாதிரி ஆயிடுச்சு. அதோட மல்லுக்கட்டணும். பத்தாததுக்கு மூஞ்சிக்கு நேரா மைக். மைக்குக்கு முன்னாடி கத்தற நாயனம் காதைக் கிழிக்கத்தான் செய்யும். அப்புறம் நாமளே, "நாயனம்னா ஒரே சத்தம்பா"ன்னு முகத்தைச் சுளிச்சு சாக்ஸ் புக் பண்றோம்.

சாக்ஸ் மேல எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கத்ரி கோபால்நாத் (1949-2019) வாசிச்சதை இன்னிக்கும் ராத்திரியில கேக்கறவன் நான். 'டூயட்' கேசட்டைத் தேய்ச்சவன். அவர் அப்பாவே நாகஸ்வரக்காரர்தான். சாக்ஸபோன்ல அவர் கமகத்துக்காகப் பட்ட பாடு, வாத்தியத்தையே நம்ம சங்கீதத்துக்குத் தோதா மாத்திக்கிட்டது, எல்லாம் பெரிய விஷயம். ஆனா கல்யாணத்துல சாக்ஸுக்கு நாம குடுக்கற மரியாதையைக் கவனிச்சிருக்கீங்களா? உள்ள இடம். மேடை. நாற்காலி. தனி மைக், அதுக்கு ஒரு ஆள். சுத்தி இருக்கறவங்க கொஞ்சம் அடங்கி உக்காருவாங்க. அந்த வசதியை நாயனத்துக்குக் குடுத்துட்டு அப்புறம் எது ஸாஃப்டுன்னு பேசுவோமே. 'தில்லானா மோகனாம்பாள்'ல சிக்கல் சண்முகசுந்தரம் வாசிக்கறப்ப வேட்டு போட்டா எந்திரிச்சுப் போயிடுவார், தியேட்டர்ல கை தட்டினோம். நிஜ சண்முகசுந்தரம் எந்திரிச்சுப் போனா பேசின காசைக் குடுப்போமா?

இதை ஸ்ரீரங்கத்துல இருந்துக்கிட்டு எழுதறப்ப இன்னும் கொஞ்சம் கூச்சமா இருக்கு. ஷேக் சின்ன மௌலானா (1924-1999) இந்த ஊர்ல வாழ்ந்தவர். ஆந்திராவுல இன்னிக்கு பிரகாசம் மாவட்டம்னு சொல்ற பக்கம் பொறந்து, ராஜரத்தினம் பிள்ளை வாசிப்புல கிறங்கி, தஞ்சாவூர் பாணி வேணும்னு நாச்சியார்கோவில் ராஜம் பிள்ளை, துரைக்கண்ணுப் பிள்ளைகிட்ட வந்து படிச்சு, அறுபதுகள்ல அரங்கன் காலடியிலயே குடி வந்துட்டார். சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம்னு இங்கயே பள்ளிக்கூடம் வெச்சார். 1998ல மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி குடுத்துச்சு. அவர்கிட்ட படிச்ச காலீஷாபி மஹபூப், ஷேக் மஹபூப் சுபானி தம்பதிக்கு 2020ல பத்மஸ்ரீ. மௌலானா வாசிச்ச ஒலிநாடா கிடைச்சா ராத்திரி விளக்கை அணைச்சுட்டுக் கேளுங்க. அந்த நிதானம், அந்தக் குழைவு. மச்சினன் கேட்ட ஸாஃப்டு அதுதான். அவனுக்குப் போட்டுக் காமிச்சேன். "இது நாயனமா மாமா? ஷெனாய்னு நினைச்சேன்"னான். அடேய்!

ஏ.சி. பத்தியும் ஒண்ணு சொல்லணும். மண்டபம் உள்ள ஏ.சி.யைப் பதினெட்டுல வெச்சுட்டு, வெளிய வெயில்ல நின்னவரைக் கெட்டிமேளத்துக்கு மட்டும் திடீர்னு உள்ள கூப்பிடுவாங்க. குளிர்ந்த காத்துல ஊதற வாத்தியம் எல்லாமே சுருதி இறங்கும். எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி இறங்காது. சீவாளி வேற காய ஆரம்பிக்கும். ரெண்டும் சேராம பிசிறடிச்சா, "இந்தக் காலத்துல யாருக்குங்க சுருதி நிக்குது"ன்னு முதல் வரிசைல ஒரு மாமா கமென்ட் அடிப்பார். ஒரு அரை மணி முன்னாடி உள்ள உக்கார விட்டா குழலும் சீவாளியும் அந்தச் சூட்டுக்குப் பழகிடும். செலவு ஒரு பைசா கிடையாது.

சுருதிப் பெட்டின்னதும் இன்னொரு வயித்தெரிச்சல். ஒத்து ஊதறதுன்னா நமக்குத் திட்டு. "அவன் மேனேஜருக்கு ஒத்து ஊதறான்"போம். நிஜ ஒத்தைப் பாத்திருக்கீங்களா? நாயனம் மாதிரியே இருக்கும், விரல் ஓட்டை இருக்காது, ஒரே ஒரு ஸ்வரம்தான். கன்னத்துல காத்தைத் தேக்கி வெச்சுக்கிட்டு, மூக்கால மூச்சை இழுத்துக்கிட்டு, சத்தம் அறாம ஊதணும். நான் ஒரு நாள் முயற்சி பண்ணேன். முப்பது எண்றதுக்குள்ள கண்ணு இருட்டிச்சு. அவர் கச்சேரி முழுக்க ஊதுவார், அவர் பேரு பத்திரிகையில வராது. பாரிக்குக் கீழ அந்த மர ஒத்து நிக்கறப்ப ரெண்டும் ஒரே தொண்டை மாதிரி இருக்கும், பெட்டியில அது வரலை. இது என் காது சொல்றது, ஒத்துக்காதவங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம்.

வீட்டுல ஒரு வழியா முடிவு பண்ணியாச்சு. மணமேடைக்கு இடப்பக்கம் ஜமக்காளம் போட்டு உக்கார வெக்கறோம். மைக் கிடையாது. முகூர்த்தத்துக்கு முன்னாடி முக்கால் மணி நேரம் ஸ்பீக்கர் ஆஃப். வாத்தியார்தான் வாசிக்கறார், பேசின தொகைக்கு மேல சீவாளிக்குன்னு தனியா ஒரு கவர் குடுக்கப் போறேன். (நல்ல சீவாளி பத்துல ஒண்ணு தேறினா பெருசுங்கறார். மீதி ஒம்பதுக்கும் காசு அவர் பையிலேர்ந்துதான் போகுது.) மேனேஜர்கிட்ட சொன்னதுக்கு, "கெஸ்ட் கம்ப்ளெயின்ட் பண்ணா நான் பொறுப்பில்லை சார்"னார். பொறுப்பு என்னுதுன்னு எழுதியே குடுத்திருக்கேன். சம்பந்தி வீட்ல கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கு, அவங்க சைடுல ரிசப்ஷனுக்கு என்ன வேணா வெச்சுக்கட்டும்னுட்டேன்.

ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. ஒத்து. வாத்தியார் பரண்ல அவர் தாத்தா காலத்து ஒத்து ஒண்ணு இருக்கு, மெழுகெல்லாம் உதிர்ந்து போய். அதைத் துடைச்சு சரி பண்ணிட்டார். ஊதத்தான் ஆள் இல்லை. திருவானைக்காவல், உறையூர், லால்குடின்னு விசாரிச்சாச்சு. எல்லாரும் பெட்டியைத்தான் காட்டறாங்க. திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் மூச்சு நிக்கற பெரியவர் யாராச்சும் உங்களுக்குத் தெரிஞ்சா, நம்பரைப் பின்னூட்டத்துல போடாம எனக்குத் தனியா மெயில் பண்ணுங்க. தை பத்துக்குள்ள தெரிஞ்சா நல்லது.

டிஸ்கி: "நீங்களே ஊதுங்களேன், மூணு வருஷமா என்னத்தைக் கத்துக்கிட்டீங்க?"ன்னு தங்கமணி கேக்கறா. கன்னிகாதானம் யாரு பண்றதாம்?